நொரீன் டியர்னி வாயைத் திறக்கவில்லை

"ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்! கிட்னியா கேட்டேன்?"

"கிட்னின்னா குடுத்திருப்பேன் லூ. அது ரெண்டு இருக்கு. குடுத்த வாக்கு ஒண்ணுதான்."

"நான் யாரு? தெருவுல போறவனா? உன்னைக் கட்டிக்கப் போறவன்!"

"கட்டிக்கப் போறேன், கட்டிக்கப் போறேன்னு ஒம்போது வருஷமா சொல்லிட்டிருக்க. மொதல்ல கட்டு, அப்புறம் கேளு. கட்டினாலும் சொல்ல மாட்டேன், அது வேற விஷயம்."

"மண்டபத்துக்குன்னு சேத்து வெச்ச பணம் அப்படியே இருக்கு நொரீன். நீ கண்ணைக் காட்டினா போதும், பத்து மடங்காகும். வியாழக்கிழமை ஸ்படாரோ அந்த ஆளை என்னன்னு திட்டப் போறாரு? மீனா? குடையா? ஓட்டை வண்டியா? வாயால சொல்ல வேணாம். நான் ஒவ்வொண்ணா சொல்றேன், நீ தலையை மட்டும் ஆட்டு."

அடுப்பின் மேல் ஏதோ ஒரு பாத்திரம் 'ணங்' என்று உட்கார்ந்தது.

"ஆட்டறதுக்கு நான் என்ன தலையாட்டிப் பொம்மையா? போய் வாசல்ல நில்லு, காத்து வரட்டும்."

இதையெல்லாம் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தென் ஃபிலடெல்ஃபியாவின் வரிசை வீடுகளில் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் எத்தனை முட்டை என்று என்னால் சொல்ல முடியும். நான் அந்தச் சுவரோரமாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அடுப்படியைவிட அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

ஆகி ஸ்படாரோ என்ற பெயரைத் தெரியாதவர்கள் எங்கள் மாநிலத்தில் இல்லை. எங்கள் வட்டத்தில் குப்பை வண்டிக்கும் தெருவிளக்கிற்கும் மனு வாங்கிக்கொண்டிருந்த ஆள், அந்த வருஷம் மாநில கவர்னர் பதவிக்கு நின்றார். அவருடைய கொள்கை என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அவர் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்று கேளுங்கள், கைக்குழந்தைகூடச் சொல்லும். பஸ் ரயிலெல்லாம் பார்த்துக்கொள்கிற போக்குவரத்து ஆணையரைத் தொலைக்காட்சியில் பார்த்து, "நீங்க பூட்டின வீட்டோட அழைப்பு மணி. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வருது, ஆள் வர மாட்டேங்குது" என்றார். அந்த ஆணையர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் விடலைகள் மணியை அழுத்திவிட்டு ஓடுகிறார்களாம்.

ஸ்படாரோ அடுத்து யாரை எதற்கு ஒப்பிடுவார் என்று பணம் கட்ட ஒரு செயலி வந்தது. கணிப்புச் சந்தை என்று பத்திரிகைக்காரர்கள் அதற்கு மரியாதையாகப் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவில் அது பந்தயம். சங்கதி சுலபம். அந்த வியாழக்கிழமை ஸ்படாரோவும் அப்போதைய கவர்னர் பிரெஸ்காட் லோரியும் ஒரே மேடையில் விவாதம் செய்யப் போகிறார்கள். ஸ்படாரோ லோரியை எதற்கு ஒப்பிடுவார்? மீனுக்கா, குடைக்கா, வாத்துக்கா, ஓட்டை வண்டிக்கா, பாலாடைக்கட்டிக்கா? நீளமான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நாம் வாங்கின பொருளை அவர் மேடையில் சொல்லிவிட்டால் சீட்டு ஒன்றுக்கு ஒரு டாலர் கிடைக்கும். சொல்லாவிட்டால் சீட்டு காகிதம். நிறையப் பேர் ஒன்றையே வாங்கினால் அதன் விலை ஏறும். நடுவில் மனசு மாறினால் அன்றைய விலைக்கு விற்றுவிட்டும் வரலாம். குதிரைப் பந்தயம்தான், குதிரைக்குப் பதில் ஒரு மனுஷனின் நாக்கு.

அந்த நாக்கு யாருடையது என்பதில்தான் எங்கள் தெருவுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

நொரீன் டியர்னி பதினெட்டு வருஷம் பஸ் பணிமனையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் ஓட்டுநர்களை மேய்த்தவள். ஆறடிக்கு ஒரு விரல் குறைச்சல். ஒரு தடவை மாதாகோயில் நிலவறையில் குப்பைப் பிரச்சினைக்காகக் கூட்டம் போட்டார்கள். தேர்தல் நெருங்கினால் மட்டும் தலைகாட்டுகிற ஸ்படாரோவும் வந்திருந்தார். நொரீன் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், "நீங்க பகல்ல எரியற தெருவிளக்கு சார். எரியுறீங்க, மறுக்கல" என்றாள். நானும் அங்கே இருந்தேன். சிரிப்பில் எனக்குப் பல்செட் கழன்றது. ஸ்படாரோ முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்து, அடுத்த வாரமே அவளைத் தன் அலுவலகத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டார். கார் எப்போது வர வேண்டும், கூட்டம் எங்கே என்று பார்த்துக்கொள்கிற வேலை. அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்த அழைப்பு மணி இருக்கிறதே, அதை ஸ்படாரோ தொலைக்காட்சியில் சொல்வதற்குப் பல மாதம் முன்னாலேயே நான் சுவர் வழியாகக் கேட்டிருந்தேன். நொரீன் அதை லூவைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். லூ பெட்ரில்லோ குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன்களைப் பழுது பார்க்கிறவன், தங்கமான பிள்ளை, ஆனால் போன் செய்தால் எடுக்க மாட்டான். ஆக யாருடைய சரக்கு யார் வாயில் விற்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் இதை ஊர் முழுக்கச் சொல்லவில்லை. நம்பிக்கையான மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன்.

வம்பில் ஊறிய எனக்கும் நொரீனின் திட்டைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும். கெட்ட வார்த்தை இருக்காது. ஒருவன் குட்டை, குண்டு, ஏழை, எந்த ஊர்க்காரன் என்று எதையும் தொட மாட்டாள். அப்பா அம்மாவை இழுக்க மாட்டாள். அவன் என்ன செய்யத் தவறினானோ, அதை மட்டும் எடுத்து ஒரு சாமானோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திட்டு வாங்கினவன் முதலில் கொதிப்பான், வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பான், மறுநாள் வேலையைச் செய்வான். எங்கள் தெருவில் அவளிடம் திட்டு வாங்காதவர்களுக்கு ஒரு சின்ன ஏக்கம்கூட உண்டு.

வேலைக்குச் சேரும்போது அவள் ஸ்படாரோவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்: பந்தயம் கட்ட மாட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான். அதைத்தான் அந்தத் திங்கட்கிழமை லூ உடைக்கப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை நான் முயற்சி செய்தேன். அக்கறையினால்தான். தக்காளிக் குழம்பில் கறி உருண்டை போட்டு, மூடி வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க ஃபிலோமினா ஆன்ட்டி," என்றாள் நொரீன். "ஞாயித்துக்கிழமைக் குழம்பு செவ்வாய்க்கிழமை வருது. என்ன வேணும்?"

"ஏண்டி, அக்கம்பக்கத்துல ஒரு குழம்பு குடுக்கக்கூடாதா? மெலிஞ்சு போயிட்ட. ராப்பகலா யோசனை போல."

"ஆமாம் ஆன்ட்டி."

"என்ன யோசனை? பறக்கறதா, நீந்தறதா?"

அவள் ஒரு உருண்டையைக் கரண்டியில் எடுத்து, ஊதி, முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். என் கண்ணையே பார்த்தபடி மென்றாள். நான் காத்திருந்தேன். விழுங்கினாள். இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பாத்திரம் காலியாகும்வரை அவள் வாய் சும்மா இருக்கவில்லை, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

கல்யாணமான பெண்களிடமிருந்து கணவனுக்குத் தெரியாததையும், பாதிரியாரிடமிருந்து ஆண்டவனுக்குத் தெரியாததையும் வாங்கி வந்தவள் நான். காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தது அன்றைக்குத்தான். கோபம் வந்திருக்க வேண்டும். வாசற்படி ஏறும்போது, 'அடேயப்பா' என்றுதான் தோன்றியது.

மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். எதிர் வீட்டு ஸ்டான், ஓய்வு பெற்ற தபால்காரர், நொரீனின் குப்பைத் தொட்டியில் மீன் முள்ளைப் பார்த்துவிட்டு மீன் மேல் பணம் கட்டினார்.

"கறி தொடாத வெள்ளிக்கிழமை யாரு வீட்டுலதான்யா மீன் முள்ளு இல்ல?" என்று கேட்டாள் தெருமுனையில் பார் நடத்துகிற பெர்னடெட்.

"நீ மட்டும் என்னவாம்? அவ புதுக் குடை வாங்கினான்னு குடை மேல கட்டின."

"மழைக்கு யாராவது குடை வாங்குவாங்களா? கோட்டு இருக்கே அவகிட்ட!"

இப்படி ஒரு பெண் கடையில் வாங்குகிற காயிலும் கயிற்றிலும் கவர்னரின் தலையெழுத்தைத் தேடினது எங்கள் தெரு.

கண்டுபிடித்தவன் லூதான். புதன்கிழமை சாயங்காலம் பாருக்கு வந்தான். குளிர்காலத்தில் எல்லார் வீட்டுக் கொதிகலனும் ஒரே நாளில் கெட்டுப்போனது போல அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பிரெட்ஸல்," என்றான்.

"இப்போதான் சாப்பிட்டேன், வேணாம்," என்றார் ஸ்டான்.

"சாப்பிட இல்ல. வியாழக்கிழமைக்கு. பிரெட்ஸல்!"

"சொல்லிட்டாளா?" என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அவ எங்க சொல்றது? எல்லாம் இதுல இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக்காட்டினான். "ஆன்ட்டி, உங்களுக்குத்தான் எல்லாம் காதுல விழுமே. நான் லேட்டா வந்தா அவ என்னை என்னன்னு திட்டுவா?"

"நேத்து சுட்ட பிரெட்ஸல்னு."

பிரெட்ஸல் எங்கள் ஊர் முறுக்கு ரொட்டி. காலையில் சுட்டதை மத்தியானத்துக்குள் தின்றுவிட வேண்டும். மறுநாள் அதை நாய்கூட மோந்து பார்க்காது. பார்வைக்கு மட்டும் அதே முறுக்கு, அதே உப்பு.

"கடைசியா எப்போ கேட்டீங்க?"

யோசித்தேன். சுவரோரம் உட்கார்ந்து கீரை, பீன்ஸ், பட்டாணி என்று எவ்வளவோ ஆய்ந்திருக்கிறேன். சமீபத்தில் காதில் விழவில்லை.

"அதான்!" என்றான் லூ. "அழைப்பு மணியை ஸ்படாரோவுக்குக் குடுத்தப்புறம் என்னை ஒருநாளும் அழைப்பு மணின்னு சொன்னதில்ல. வித்த பொருளை வீட்டுல எடுத்துப் பொழங்க மாட்டா. அது அவ நியாயம். சரி, சோதிச்சுப் பாப்போம்னு நேத்து வேணும்னே ரெண்டு மணி நேரம் லேட்டா போனேன். கடிகாரத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. வாயைத் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டு, 'சாப்பாடு ஆறிப் போச்சு'ங்கறா! நொரீன்! 'சாப்பாடு ஆறிப் போச்சு'! நான் அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."

விற்ற மாட்டில் பால் கறக்கக் கூடாது என்று ஒரு பெண் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம், அதை வைத்தே அவளைப் பிடித்துவிட்டான் இந்தப் பயல். பட்டியலின் அடியில், மூன்று சென்ட் விலையில் பிரெட்ஸல் கிடந்தது. கேட்பாரில்லை. லூ மண்டபப் பணம் முழுவதையும் அதன் மேல் கட்டினான். ஸ்டான் மீனை விற்றுவிட்டு அதை வாங்கினார். பெர்னடெட் குடையை மடக்கினாள். நானும் ஏதோ கொஞ்சம். பெர்னடெட் தன் சித்தி மகளிடம் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்று. அந்தச் சித்தி மகளுக்கு ஐந்து நாத்தனார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரெட்ஸல் நாற்பது சென்ட்டைத் தாண்டிவிட்டது.

நொரீன் வீட்டு வாசலில் நின்றுதான் அந்த போனை எடுத்தாள். நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்றே படி, ஆனால் மனசு வைத்தால் மூன்று படியை அரை நாள் பெருக்கலாம். மறுமுனையில் ஸ்படாரோவின் மேலாளர். அந்த ஆளுக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

"பிரெட்ஸல் விலையைப் பாத்தியா? என்னைத் தவிர இந்த வார்த்தை தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நீ, அவரு. அவருக்கு போன்ல பட்டனே அழுத்தத் தெரியாது! இன்னிக்கு மேடையில அந்த வார்த்தை வந்துச்சுன்னா உள் விஷயத்தை வித்துட்டன்னு நாளைக்கு விசாரணைக்காரங்க உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க!"

நொரீன் போனை வைத்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து லூவின் வேன் வந்து நின்றது. இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினான்.

"லூ. பிரெட்ஸல் மேல யாரு கட்டினது?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "நான்தான். ஆனா நீ சொல்லலையே! நீ எதுவும் சொல்லல!"

"சொல்லல. அப்புறம் எப்படி?"

"நீ... திட்டறத நிறுத்திட்ட."

நொரீன் அப்படியே என் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் துடைப்பத்தை வைத்துவிட்டேன். அதற்குள் ஸ்டான் கதவைத் திறந்துகொண்டு வந்தார், பெர்னடெட் ஈரக் கையோடு ஓடி வந்தாள். எங்கள் தெருவில் கூட்டம் சேர மணி அடிக்க வேண்டியதில்லை.

"இங்க பாரு நொரீன்," என்று லூ அவள் முன்னால் குந்தினான். "நீ ஒரு தப்பும் பண்ணல. ஆண்டவனுக்கு முன்னாடி நின்னும் சொல்லலாம், நான் யாருக்கும் சொல்லலைன்னு. அது உண்மை. நீ சும்மா இரு, போதும். அந்த ஆள் சொல்லட்டும். நமக்கு மண்டபம், விருந்து, நாலு நாள் கடற்கரை. யாராலயும் எதையும் நிரூபிக்க முடியாது."

"நல்லாத்தானே சொல்றான்," என்றார் ஸ்டான்.

"என் பாருக்குக் கூரை மாத்தணும்டி," என்றாள் பெர்னடெட், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நொரீன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஆமாம் லூ, நிரூபிக்க முடியாது," என்றாள். "நான் சொல்லலைங்கறதையும் நிரூபிக்க முடியாது."

எழுந்தாள். லூவின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, வேனுக்குள் ஏறி, கதவைப் பூட்டி, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். போனை எடுத்தாள். ஸ்டான் ஒரு பக்கம், பெர்னடெட் மறு பக்கம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். நான் முன்பக்கம் போனேன், வயசானவளுக்கு நிற்க வசதியான இடம் அது. உதட்டசைவைப் படிக்கலாம் என்று பார்த்தால், வேனுக்குள் கிடந்த லூவின் பேஸ்பால் கையுறையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள், மைதானத்தில் பந்து வீசுகிறவன் ரகசியம் பேசும்போது மூடிக்கொள்வானே, அதேபோல. கையுறைக்கு மேலே இரண்டு கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீளமாகப் பேசினாள். ஒரு இடத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

கீழே இறங்கினதும் லூ கேட்டான்: "மாத்திட்டியா? சொல்லிடு, வித்துடறேன். நல்ல விலை இருக்கு. போட்டதைவிட பத்துப் பங்குக்கு மேல."

நொரீன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புருவம்கூட அசையவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணச் செலவு முழுக்கக் கையில். அந்த ஒரு வார்த்தையை அவள் லூவுக்கும் சொல்லவில்லை.

"சாப்பாடு ஃப்ரிட்ஜில இருக்கு," என்றாள். "நான் விவாத மேடைக்குப் போகணும்." பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

எல்லார் பார்வையும் லூ மேல் திரும்பியது. அவன் போனைக் கையில் எடுத்தான். கட்டை விரல் விற்கிற பொத்தானுக்கு மேலே நின்றது. தெருமுனையில் திரும்புகிற நொரீனைப் பார்த்தான். பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வெச்சுக்கறேன்," என்றான்.

"அப்போ பிரெட்ஸல்தான்!" என்று பெர்னடெட் கத்தினாள். ஸ்டான் அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் வாங்கினார்.

அன்று சாயங்காலம் பாரில் நிற்க இடமில்லை. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பந்து விளையாட்டு இருந்தும் எல்லாத் திரையிலும் விவாதம்தான். லோரி பெரிய வீட்டுப் பிள்ளை. வெள்ளித் தலை, மெல்லிய குரல், கேட்கிற எல்லாவற்றுக்கும் "ஆலோசித்து வருகிறோம்" என்பார். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார்கள், ஆலோசித்து வந்தார். பாலம் பற்றிக் கேட்டார்கள், ஆலோசித்து வந்தார். ஸ்படாரோ தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவதற்கு முன் அவர் கண்ணாடியைக் கழற்றுவார் என்று நாடே அறியும்.

"வருது, வருது," என்றார் ஸ்டான்.

"கவர்னர் சார்," என்றார் ஸ்படாரோ. "உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. எங்க தெருவுல பனி கொட்டினா, கஷ்டப்பட்டு வாரி ஒரு எடத்தைச் சுத்தம் பண்ணி, வேற யாரும் வண்டி நிறுத்திடக் கூடாதுன்னு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு வெப்போம். அந்த நாற்காலி நீங்க. இத்தனை வருஷமா எடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க. நாங்களும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கோம். வண்டி வரவே இல்லையே சார்!"

மேடையில் எல்லாரும் லோரியைப் பார்த்தார்கள். பிறகு லோரியே, அந்த வெள்ளித் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் அரங்கம் இடிந்தது.

பாரில் எல்லாரும் அவரவர் போனைப் பார்த்தோம். பட்டியலில் நாற்காலியே கிடையாது. மீன் போச்சு, குடை போச்சு, வாத்து போச்சு. பிரெட்ஸல் நாற்பத்து சொச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது. பெர்னடெட்டின் வாய் திறந்தபடி இருந்தது. அப்போது யாரோ 'புஸ்' என்றார்கள். லூ. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நான் சிரித்தேன். அப்புறம் பாரே சிரித்தது. பணம் போனவர்கள் அத்தனை பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கையுறைக்குப் பின்னால், எங்கள் கண் எதிரே, ஒரு சில நிமிஷத்தில் செய்த சரக்கு அது! அந்த நாற்காலியை நாங்கள் எல்லோரும் வருஷா வருஷம் போடுகிறோம். ஒருத்திக்குத்தான் அதில் கவர்னர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

ஸ்டான் மட்டும் முதலில் சுதாரித்துக்கொண்டு லூவின் சட்டையைப் பிடித்தார். "நீ வெச்சுக்கிட்டேன்னுதானேடா நானும் வெச்சுக்கிட்டேன்!"

"நான் கிணத்துல குதிச்சா?"

"எத்தனை ஆழம்னு கேட்டுட்டுக் குதிச்சிருப்பேன்!"

வீடு திரும்பும்போது நான் லூவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நடைபாதை மேடுபள்ளம். கேள்வியும் இருந்தது.

"அவ மாத்திட்டான்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் ஆன்ட்டி."

"எப்படி? புருவம்கூட அசையலையே. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

"வேனுக்குள்ள ஏறும்போது ஒடம்பெல்லாம் வெறைச்சுப் போயிருந்தா. எறங்கும்போது கை ரெண்டையும் தொங்க விட்டு எறங்கினா. ஒம்போது வருஷம் பாத்திருக்கேனே."

"அப்புறம் ஏண்டா விக்கல, முட்டாள்?"

"நாளைக்கு யாரு எப்போ வித்தாங்கன்னு தோண்டுவாங்க ஆன்ட்டி. லூ பெட்ரில்லோ, நொரீனைக் கட்டிக்கப் போறவன், விவாதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லாத்தையும் வித்துட்டான்னு வந்தா, அவ கதி என்ன? அதுவும் தவிர..." என்று கழுத்தைச் சொறிந்துகொண்டான். "மொதல் தடவை அவ மூஞ்சியைப் பாத்துக் காசு பண்ணப் பாத்தேன், கெட்டிக்காரத்தனம்னு நெனைச்சேன். அவ படியில உக்காந்தா பாருங்க, அப்போ புரிஞ்சுது. ரெண்டாம் தடவையும் அதையே பண்ணினா நான் எதுக்கு அவகூட?"

கொதிகலன்காரன் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெருவில் இரண்டு பேரைத் தப்பாக எடை போட்டிருந்தேன்.

மறுநாள் விசாரணைக்காரர்கள் வரத்தான் செய்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு பெண்ணும் ஒரு ஆணும். தெருவில் ஒருத்தர் விடாமல் பணம் இழந்திருந்ததைப் பார்த்து, உள் தகவல் வைத்திருந்தவர்கள் இப்படியா அடி வாங்குவார்கள் என்று அவர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த மேலாளர் நொரீனுக்கு ஒரு பெரிய பூங்கொத்து அனுப்பினார். அவள் அதை மாதாகோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு வெளிச்சம் சுவரோரம் ரொம்ப நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கு உரித்தேன்.

"மண்டபப் பணம் மொத்தமும் போச்சா?" என்றாள் நொரீன்.

"மொத்தமும்."

"விக்கவே இல்லையா?"

"இல்ல."

நான் கத்தியைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

"மண்டபம் கெடக்கு," என்றாள். "ஒரு தேதி சொல்லு லூ."

புத்தாண்டு ஊர்வலத்துக்கு வேஷம் கட்டுகிற லூவின் குழுவுக்கு இரண்டாம் தெருவில் ஒரு பழைய கூடம் உண்டு. ஜனவரியில் அங்கேதான் கல்யாணம். ஆணியில் தொங்கின இறகு உடைகளுக்கு நடுவே நொரீன் வெள்ளை உடையில் நின்றபோது அவள் தலை எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது. கவர்னராகிவிட்ட ஸ்படாரோ வந்தார், கோப்பையை உயர்த்தினார், யாரையும் திட்டாமல் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று கட்டியிருந்த சிலருக்கு அதிலும் நஷ்டம். ஈஸ்டர் முடிந்ததும் புது மணமக்கள் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்குக் குடிபோனார்கள். லூவுக்கு அங்கே அரசாங்கக் கட்டடங்களில் கொதிகலன் வேலை. லோரி வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போனார். ஸ்டான் பக்கத்து மாநிலமான டெலவேரில் மகள் வீட்டோடு போய்விட்டார், அங்கே விற்பனை வரி இல்லை என்று வாரம் ஒரு தடவை போன் செய்து சொல்கிறார். பெர்னடெட், கூரை மாற்ற வந்த ரஸ்ஸல் டன்லப் என்கிற மனைவியை இழந்தவரை மூன்றாவதாகக் கட்டிக்கொண்டாள். கூரைக்குக் கூலி வாங்கிக்கொள்ளவில்லை என்று கேள்வி.